"முடியாது" என்றால் எழுத்தில் கொடுங்கள்!



யூபியூ முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "கிடைத்ததை எடுத்துக்கொள், மேலே ஒன்றும் கேட்காதே." நானும் என் உறவுக்காரப் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை.

லாரி ஓட்டும் தந்தை ஒருவர் மகளோடு என் அலுவலகத்துக்கு வந்தார். எஸ்டிபிஎம்மில் நல்ல தேர்ச்சி. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கேட்டாள். கிடைத்ததோ தொலைதூர மாநிலத்தில் வேறோர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம். போனாள், படித்தாள். முதலாண்டு முடிவில் 3.85. இனியாவது அந்தப் பழைய பல்கலைக்கழகத்துக்கு மாற முடியுமா என்று போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். "தாக் போலே" என்றது ஒரு குரல். அவ்வளவுதான் விசாரணை! "கெடச்சதே பெருசு சார், இதையும் கெடுத்துக்கப் போறா" என்று அப்பாவுக்குப் பயம்.

அவள் கேட்டது சலுகையா? யோசித்துப் பாருங்கள்.

2002-இல், இனி கோட்டா இல்லை, தகுதி அடிப்படைதான் என்றார்கள். ஆனால் தகுதியை அளக்க இரண்டு கோல்! எஸ்டிபிஎம் மாணவர் ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை படிக்கிறார். மெட்ரிகுலேஷன் மாணவர் பெரும்பாலும் ஓராண்டில், இரண்டு பருவத்தில் முடிக்கிறார். பாடம் வேறு, தேர்வுத்தாள் வேறு. பிறகு இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார்கள். அந்த மெட்ரிகுலேஷனிலோ 90 விழுக்காட்டு இடம் பூமிபுத்ராக்களுக்கு. 2019-இல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதத்தைத் தொடவில்லை. 2024-இல், எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நல்லது. 8ஏ, 9ஏ எடுக்கிற நம் பிள்ளை?

இப்போது பல்கலைக்கழக முதலாண்டுக்கு வாருங்கள். எஸ்டிபிஎம் பிள்ளையும் மெட்ரிகுலேஷன் பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து ஒரே தேர்வை எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் விடுதித் தோழி மெட்ரிகுலேஷனில் இருந்து வந்தவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் இரவில் படித்தார்களாம். அந்தத் தோழி மீது ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்வது இதுதான்: எஸ்பிஎம்முக்குப் பிறகு எல்லாரையும் ஒரே கோலால் அளக்கும் முதல் தேர்வு இது. அப்படியானால் அந்த முடிவை வைத்து மேலான பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியை அல்லவா அகலத் திறந்து வைக்க வேண்டும்?

முதலாண்டோடு நின்றுவிடும் மாணவர்கள் எங்கும் உண்டு. அந்த இடங்கள் எத்தனை என்று ஒவ்வோர் அரசாங்கப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். முதலாண்டுப் புள்ளியை மட்டும் பார்த்து நிரப்பட்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

அதுவரை உங்கள் பிள்ளை மாற விரும்பினால் போனில் கேட்காதீர்கள். கடிதம் எழுதுங்கள், பதிலைக் கடிதமாகவே கேளுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒரு பொது அமைப்பு. அதன் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட மூன்று மாதம்தான் தவணை. போனில் கேட்ட குரலை வைத்துக்கொண்டு நான் என்ன வழக்காடுவது?

ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பத்திரப்படுத்துங்கள். பாடத்துக்குப் பாடம் 80 விழுக்காடாவது பொருந்தி, சி தரத்துக்குக் குறையாமல் இருந்தால் கிரெடிட்டை மாற்றலாம் என்பது எம்கியூஏ வகுத்த அளவு. அப்படி மாற்றினால் படித்த ஓராண்டு முழுவதும் வீணாகாது. பிடிபிடிஎன் கடன் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். மிக முக்கியம், புதிய இடத்தின் கடிதம் கைக்கு வரும்வரை பழைய இடத்தை விட்டு விலகக் கூடாது. கோபத்தில் விலகிவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

அந்தப் பெண்ணின் கடிதத்துக்கு ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. இடமில்லை என்று ஒரே வரி. இரண்டாம் ஆண்டில் எத்தனை இடம் காலி என்று கேட்டு மறுகடிதம் அனுப்பியிருக்கிறோம். அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.