ஸ்பார்க் பிளக்கில் உயர்ந்தது, தாழ்ந்தது உண்டா?

தில்லி கரோல் பாக், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூரு ஜே.சி. சாலை, சென்னை புதுப்பேட்டை ஆகிய உதிரிபாகச் சந்தைகளில் மொழி மாறினாலும் ஒரு கேள்வி மாறுவதில்லை: “இருப்பதிலேயே நல்ல பிளக் எது?” கேட்பவர் மோட்டார் சைக்கிளை நம்பிப் பிழைப்பவராக இருக்கலாம்; முதல் வண்டி வாங்கிய மாணவராகவும் இருக்கலாம். கடைக்காரர் இரிடியம் பிளக் ஒன்றை எடுத்து வைக்கிறார், வணிகம் முடிகிறது. கேள்வியே பிழையானது என்பதால் விடையும் பிழையாகிவிடுகிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கிடையே உயர்வு தாழ்வு என்ற வரிசை இல்லை. இந்த எஞ்சினுக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்ற பாகுபாடே உண்டு.

பிளக்கின் வேலை தீப்பொறி தருவது மட்டும் என்று கருதுவதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த காலம் முதல் பொறி தரும் பணி அனைவரும் அறிந்ததே. கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது பணி ஒன்றும் அதற்கு உண்டு. எரிதலின்போது தன் நுனியில் ஏறும் வெப்பத்தை அளவறிந்து சிலிண்டர் தலைக்குக் கடத்திவிட வேண்டும். நுனியின் வெப்பநிலை ஏறத்தாழ 500 டிகிரி செல்சியசுக்குக் கீழே நின்றால், படியும் கரி எரிந்து அகலாது. பீங்கான் மீது கரி சேர்ந்து, மின்சாரம் பொறியாகத் தாவாமல் அந்தக் கரியின் வழியே கசிந்துவிடும். வெப்பநிலை 800 டிகிரியை வெகுவாகத் தாண்டினால், பொறி பிறக்கும் முன்பே சிவந்த நுனி கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த முன்பற்றல் நீடித்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுவதும் உண்டு. முதற்கேடு வண்டியை நிறுத்தும். இரண்டாவது எஞ்சினையே அழிக்கும்.

இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே நுனியை நிறுத்துவதற்காக ஏற்பட்டதே ‘வெப்ப எண்’. பணிமனைகளில் ‘ஹாட் பிளக்’, ‘கோல்ட் பிளக்’ என்று வழங்கும் சொற்கள் பொறியின் சூட்டைக் குறிப்பவை அல்ல. பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் வெளியேறும் வழியும் நீளும், அது ‘ஹாட்’. மூக்கு குறுகியிருந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும், அது ‘கோல்ட்’. ஓர் எண் மாறினால் நுனியின் வெப்பநிலை சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறக்கூடும். ராஜஸ்தானின் கோடைக்குக் ‘கோல்ட் பிளக்’, இமாசலத்தின் குளிருக்கு ‘ஹாட் பிளக்’ என்று பருவம் பார்த்துத் தேர்வு செய்யும் பழக்கம் இதனாலேயே பொருளற்றதாகிறது. எரியும் வாயு 2,000 டிகிரியைக் கடக்கும் அறைக்குள் வெளிக்காற்றின் முப்பது நாற்பது டிகிரி வேறுபாடு பெரிதன்று. அழுத்த விகிதம், பற்றவைப்பு நேரம், எஞ்சின் சுமக்கும் பளு ஆகியவையே வெப்ப எண்ணைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கை எஞ்சினை வடிவமைத்தவர் சோதனைச்சாலையில் முன்னரே போட்டு, விடையைக் கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்.

அந்த விடை குறியீட்டில் எழுதப்பட்டிருப்பதும், குறியீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதும்தான் இடர். என்ஜிகே, டென்சோ ஆகியவற்றில் எண் கூடினால் பிளக் ‘கோல்ட்’. பாஷ், சாம்பியன் ஆகியவற்றில் எண் கூடினால் ‘ஹாட்’. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் தேடுபவர் எதிர்த்திசையில் போய்விடுவார். என்ஜிகேயின் ‘சிபிஆர்8இஏ-9’ என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். ‘சி’ என்பது 10 மில்லிமீட்டர் மரையின் விட்டம். ‘பி’ பீங்கான் நுனி வெளியே நீண்டிருப்பதைச் சுட்டும். ‘ஆர்’ உள்ளே மின்தடை உண்டு என்பதன் அடையாளம். ‘8’ வெப்ப எண். ‘இ’ 19 மில்லிமீட்டர் மரை நீளம். இறுதியில் நிற்கும் ‘9’ மின்முனைகளின் இடைவெளி 0.9 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விளைவு உண்டு. மரை நீளம் கூடினால் பிளக் பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் சிலிண்டர் தலையின் எஞ்சிய மரையில் கரி இறுகும். மின்தடை இல்லாத பிளக்கைப் பொருத்தினால் பொறியிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல், எரிபொருள் உட்செலுத்தலை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தைத் தடுமாறச் செய்யலாம்.

இனி இரிடியம். நிக்கல் 1,455 டிகிரியிலும் பிளாட்டினம் 1,768 டிகிரியிலும் உருக, இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்குகிறது. ஆகவே அதன் மின்முனையை 0.4 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக்க முடிகிறது. மெல்லிய முனையில் பொறி குறைந்த மின்னழுத்தத்திலேயே தாவும், தேய்மானமும் குறைவு. இவை மெய்யான நன்மைகள். ஆனால் எஞ்சினின் ஆற்றல் பெட்ரோலிலிருந்து வருகிறது, பிளக்கிலிருந்து வருவதில்லை. எல்லாச் சுழற்சியிலும் தவறாமல் பற்றவைக்கும் சாதாரண நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியத்தை மாட்டினால் கூடுதலாகப் பற்றவைக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. கையேடு இரிடியத்தைக் குறிப்பிட்டிருந்தால் அதுவே சரி. குறிப்பிடாத வண்டியிலும், அதே வெப்ப எண்ணும் அதே அளவுகளும் கொண்டதாயின், நீண்ட உழைப்பை வேண்டி வாங்குவதில் தவறில்லை. ‘பிக்கப்’ கூடும் என்று நம்பி வாங்குவதுதான் தவறு. அந்த மெல்லிய முனையைக் கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சுத்தம் செய்வது கொடுத்த விலையையும் வீணாக்கிவிடும்.

தவறான தேர்வின் பெருங்கேடு பணவிரயம் அன்று. நோய் மறைவதே பெருங்கேடு. கழற்றிய பிளக் எஞ்சினின் நாடி. நுனி உலர்ந்த கரியாய் இருந்தால் எரிபொருள் மிகுந்திருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காய் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் கலவையில் எரிபொருள் குறைந்திருக்கிறது, அல்லது பற்றவைப்பு நேரம் முந்தியிருக்கிறது. இவற்றைப் பாராமல் பழைய பிளக்கை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால் வண்டி சில வாரம் ஓடும். பிறகு அதே நோய் திரும்பும். உட்செலுத்தலும் வினையூக்க மாற்றியும் கொண்ட பாரத் நிலை 6 வண்டிகளில் நிலைமை இன்னும் கடுமையானது. பற்றாத ஒவ்வொரு சுழற்சியிலும் எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று எரிந்து, அதைச் சூடேற்றிச் சிதைக்கிறது. ஒரு பிளக்கில் மிச்சம் பிடிப்பவர் பன்மடங்கு விலையுள்ள உறுப்பை இழக்க நேரிடும்.

இவ்விடத்தில் மெக்கானிக்குகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது நியாயமாகாது. எண்ணெய் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு ஒரு படி ‘ஹாட்’ பிளக்கைப் போட்டு அனுப்பும் மெக்கானிக் அறியாமையால் அதைச் செய்வதில்லை. எஞ்சினைப் பிரித்து ‘போர்’ செய்யப் பணமில்லாத வாடிக்கையாளர் மறுநாளும் வேலைக்குப் போயாக வேண்டும். வெப்பம் கூடிய நுனி எண்ணெய்ப் படிவை எரித்துத் தள்ளும். வண்டி இன்னும் சில மாதம் ஓடும். வறுமைக்குள் எடுக்கப்படும் பொறியியல் முடிவு அது. ஆனால் அது தீர்வு அன்று, தவணை என்பதையும், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஓட்டக் கூடாது என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவதே பிழை.

பணிமனை அறிவுக்கு நெடிய வரலாறு உண்டு. 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்று, பின்னர் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறிய மைகோ நிறுவனத்தின் பிளக்குகளோடும் கார்புரேட்டரோடும் பழகிய தலைமுறை அது. நுனியின் நிறம் பார்க்கும் கலையை ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் கற்றது. 2000-இல் ஈயம் நாடெங்கும் நீங்கியது. 2020-இல் பாரத் நிலை 6 வந்தது. இன்று எத்தனால் கலந்த பெட்ரோல் ஓடுகிறது. எரிபொருள் மாறும்போது நுனியின் நிறமும் மாறும். பழைய கண்ணைக் கொண்டு புதிய நுனியைப் படிப்பதில் இடறல் நேரும். அந்தக் கண்ணைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கல்விக்கூடங்கள் ஏற்கவில்லை.

இயந்திரப் பொறியியல் மாணவர் ஆட்டோ சுழற்சியின் வரைபடத்தைப் பிழையின்றி வரைகிறார். வெப்பத்திறனைச் சூத்திரத்தால் கணக்கிடுகிறார். விடுதி வாசலில் நிற்கும் தம் வண்டியின் பிளக்கில் அச்சிட்டுள்ள எட்டு எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல் பட்டம் பெற்றுவிடுகிறார். மெக்கானிக்குக்கு நுனியைப் படிக்கத் தெரியும்; அதன் காரணத்தை அவர் மொழியில் சொல்லும் நூல் அவர் கைக்கு எட்டுவதில்லை. இருவரும் அறிந்தவை ஒன்று சேர்ந்தால்தான் அது முழு அறிவு. இதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. ஆய்வகத்தில் ஒரு வகுப்பு, மேசைமீது கழற்றிய பத்துப் பழைய பிளக்குகள், அருகில் ஒரு மெக்கானிக் ஆகியவை போதும். நிறுவனங்கள் தத்தம் குறியீட்டின் விளக்கத்தைப் பெட்டியின்மீதே இந்திய மொழிகளில் ஒரு பட்டியலாக அச்சிடுவதும் அரிதன்று.

அதுவரை, கடைக்குச் செல்பவர் தம் வண்டியின் கையேட்டையும் கழற்றிய பழைய பிளக்கையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. கையேடு எதை வாங்குவது என்று சொல்லும். பழைய பிளக் அதற்கு முன் எதைச் சரிசெய்வது என்று சொல்லும். “நல்ல பிளக் எது?” என்ற கேள்வியை விடுத்து, “என் எஞ்சினுக்கு உரியது எது, பழையது ஏன் கெட்டது?” என்று கேட்டால் போதும், சரியான விடை பெரும்பாலும் விலை குறைந்ததாகவே அமையும்.