ஈரோடா, திருப்பூரா?

சென்னிமலைப் பக்கத்து நெசவாளர் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் நம்மை வினவுவது ஒன்றே: "தறியை நிறுத்திப் பட்டணம் போவதாயின் ஈரோட்டில் குடியேறுவதா, திருப்பூரிலா?"

திருப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லை என்பர். உண்மையே. பின்னலாடைக் கம்பெனிகளில் கணவன், மனைவி இருவருக்கும் இடம் கிடைக்கும். சனிக்கிழமையானால் கூலி கைக்கு வரும். ஆயினும் அத்தொழிலின் உயிர் பெரும்பாலும் வெளிநாட்டு ஆர்டரில் அன்றோ இருக்கிறது? நொய்யல் மாசு வழக்கில் 2011-ல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2025-ல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. ஒவ்வொரு முறையும் முதலில் தவித்தவர் வாரக்கூலியை நம்பியவரே.

ஈரோட்டில் வருமானம் அத்துணை விரைவில் பெருகாது. எனினும் ஜவுளிச் சந்தையும் மஞ்சள் மண்டியும் ஒருங்கே அமைந்த ஊர் அது. ஒன்று மந்தமானால் மற்றொன்றில் பிழைக்கலாம். (மஞ்சள் விலை சரிந்த வருஷங்களைக் கண்ட விவசாய அங்கத்தினர் நம்முடன் வாதிடக்கூடும்.) சென்னிமலைக்கும் அதுவே அண்மை. பிள்ளைகள் ஈரோட்டில் வேலை பார்த்தாலும், வாரம் ஒருமுறை வந்து பெரியவர்களின் தறிக்குச் சங்கத்தில் நூல் வாங்கித் தந்து திரும்பலாம். ஆகவே போகத்தான் வேண்டுமெனில் ஈரோடே என்போம்.

ஆனால் தறியைப் பிரித்துவிட வேண்டாம். வாடகை வீட்டில் குழித்தறிக்குக் குழி வெட்ட எந்த வீட்டுக்காரர் இசைவார்? நெசவு நின்றால், கூலியில் ரூபாய்க்கு 8 காசு வீதம் சிக்கன நிதியில் சேர்ந்துவருவதும் நின்றுபோகும்.

சென்ற மாதம் ஓர் அங்கத்தினர் நம்மிடம் யோசனை கேட்க வந்தார், குழியை மண்ணிட்டு மூடிய பிறகு.