புண்ணியக் கணக்கு

கொடுத்தால் புண்ணியம் சேரும் என்று நம்பாதவர் நம்மூரில் குறைவு. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை சித்திரை வெயிலில் முளைக்கும் நீர்மோர்ப் பந்தல்களும், அமாவாசைக்கு அமாவாசை நடக்கும் அன்னதானங்களும் அந்த நம்பிக்கையில் நிற்பவை. மோரையோ சோற்றையோ நான் குறை சொல்லவில்லை. கணக்குதான் தப்பு. அதில் தட்டேந்தி நிற்பவர் கொடுப்பவரின் மறுமைக்கு ஒரு சாக்கு. அவர் பசி நாளையும் இருந்தால்தான் நாளையும் புண்ணியம்.

இதைத் தமிழ்ப் பௌத்தம் என்றோ மறுத்துவிட்டது. மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் பணக்காரனல்ல, ஊரால் விரட்டப்பட்டவன். வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதுதான் குற்றம். மதுரையில் பிச்சையெடுத்து, குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றான். அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கைக்கு வந்தபின் இந்திரன் இறங்கிவந்து, தானத்தின் பலனைப் பெற்றுக்கொள் என்றான். ஆபுத்திரன் சிரித்தான். பசித்தவரோ அறம் செய்பவரோ இல்லாத உன் சொர்க்கத்தில் எனக்கென்ன வேலை என்று கேட்டுவிட்டான்! புண்ணியம் பேசுவோர் இந்த இடத்தை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தானம் சோம்பேறித்தனத்தை வளர்க்கும், உரிமை கேட்டால் போதும் என்கிற தோழர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அதே பாத்திரத்தோடு காப்பிய நாயகி மணிமேகலை புகார்ச் சிறைக்குப் போனாள். முதலில் கைதிகளுக்குச் சோறு. சோழ மன்னன் கூப்பிட்டு என்ன வேண்டும் என்றதும், சிறையை அறக்கோட்டமாக்கு என்றாள். சோறு போடாமல் அந்தக் கோரிக்கைக்கு வலு வந்திராது; சோற்றோடு நின்றிருந்தால் சிறை சிறையாகவே இருந்திருக்கும்.

இந்தப் பௌத்தம் காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர், சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நடத்தினார். 1907-இல் தொடங்கிய வார இதழின் விலையே அதன் பெயர்: ‘ஒரு பைசாத் தமிழன்’. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த மாரிக்குப்பத்தில் சங்கத்துக்குக் கிளை இருந்தது. தங்கவயலில் அவர் நூல்களை வெளியிட்ட புத்தகசாலையும் இருந்தது. ஜமீன் வாசலில் அல்ல, தொழிலாளர்கள் நடுவே வளர்ந்த முயற்சி அது.

கொடுப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு ஆட்களல்ல என்பதை நம் காலத்திலும் பார்த்தோம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. சென்னையின் மூழ்கிய தெருக்களுக்குப் படகோடு வந்தவர்களில் மீனவர்கள் முக்கியமானவர்கள். 2004 சுனாமியில் நிவாரணத்துக்குக் கையேந்த நேர்ந்த குப்பங்களின் ஆட்கள் அவர்கள். வாங்கியவர் கொடுப்பவரானார், யாரும் புண்ணியக் கணக்கு எழுதவில்லை. இன்னொரு பக்கம், நிவாரணப் பொட்டலத்தில் யார் படம் ஒட்டுவது என்று சண்டை நடந்தது.

பொட்டலம் தீர்ந்ததும் பலர் கலைந்துபோனார்கள். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் எந்த வழியாக ஆற்றுக்கு வருகிறது, அந்த வழியில் யார் மனை போட்டார்கள் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மணிமேகலை மன்னனிடம் கேட்டதற்கு ஈடான வேலை அது.

இந்த ஐப்பசி மழைக்கு முன் உங்கள் நகர் நலச்சங்கம் நிவாரணத்துக்குப் பணம் திரட்டினால், ஒரு பங்கை ஏரி வரைபடம் கேட்டு மனுப் போடவும் வழக்கு நடத்தவும் எடுத்துவையுங்கள். ஆற்றங்கரையில் குடியிருந்து எல்லாம் இழந்தவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பொட்டலம் வாங்கிப்போக வேண்டாம், உட்கார்ந்து முடிவெடுக்கட்டும்.