நர்ஸ் மயக்கமும் நம் மடமையும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தறி ஓட்டுகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள் ஆகியோரின் வீட்டுப் பெண்கள் பலர் இன்று நர்ஸ் படிப்புக்குப் போகிறார்கள். இது நாம் மனமாரப் பாராட்ட வேண்டிய காரியமேயாகும். ஆனால் இப்பெண்களில் சிலருக்கு ஒரு சங்கடம் நேருகிறது. முதல் தடவையாக ஆப்பரேஷன் அறையில் நின்று டாக்டர் கத்தி வைப்பதைப் பார்க்கும்போதோ, சீழ்ப் புண்ணைக் கழுவிக் கட்டும்போதோ, பிரசவம் பார்க்கும்போதோ, ஏன், ஊசியால் ரத்தம் எடுக்கும்போதோகூடக் கண் இருட்டிக் காது அடைத்து மயங்கி விழுந்துவிடுகிறார்கள். விழுந்த பெண் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறாள். ஆனால் அவளைப்பற்றிக் கிளம்பிய பேச்சு ஐந்து வருஷமானாலும் அடங்குவதில்லை.

அப்பேச்சு மூன்று விதமாய் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் ஆவி அடித்துவிட்டது, மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்பது ஒன்று. பெண் பிறவியே கோழைப் பிறவி, கத்தியும் ரத்தமும் அவளுக்கு ஏன் என்பது இரண்டாவது. ஜாதகத்தில் இந்த உத்தியோகம் இல்லை, கூட்டிவந்து கல்யாணத்தை முடித்துவிடு என்பது மூன்றாவது. முதலாவதில் மந்திரவாதிக்கு வரும்படி; மூன்றாவதில் ஜோசியனுக்கு வரும்படி; இரண்டாவதில் காசில்லாமலே ஆண்களுக்குப் பெருமை. பெண்ணுக்கு மாத்திரம் படிப்பும் போய்ப் பிழைப்பும் போகிறது. ஆகவே இம்மயக்கம் என்பது என்ன என்று அறிவைக்கொண்டு பார்ப்பது அவசியமாகும்.

நிற்கிற மனிதனின் ரத்தம் எப்போதும் கீழே கால் பக்கமே இறங்கப் பார்க்கும். அதை மேலே மூளைக்கு ஏற்றுவது இருதயத்தின் வேலை. ரத்தக் குழாய்கள் தக்கபடி இறுகி நின்று அதற்கு உதவி செய்கின்றன. சிலருக்கு ரத்தத்தையோ வெட்டுக் காயத்தையோ கண்டவுடன் முதலில் நெஞ்சு படபடக்கிறது. பிறகு திடீரென்று வேகஸ் என்னும் நரம்பு இருதயத்தை மெதுவாக்கிவிடுகிறது. அதே சமயம் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. மூளைக்குப் போதிய ரத்தம் ஏறாமல் ஆள் விழுகிறான். விழுந்து படுத்துவிட்டால் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் ரத்தம் மூளைக்கு எளிதில் போய்ச் சேருகிறது, நினைவும் திரும்புகிறது. இதற்குத் தாமஸ் லூயிஸ் என்னும் லண்டன் டாக்டர் 1932-ஆம் வருஷத்திலேயே பெயர் வைத்து எழுதியிருக்கிறார். இதில் ஆவிக்கு எங்கே இடம்? ஜாதகத்துக்கு எங்கே வேலை?

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. பாம்பைக் கண்டு பயந்தவனுக்கு நெஞ்சு வேகமாய் அடிக்கிறது, அவன் ஓடுகிறான். ரத்தத்தைக் கண்டு மயங்குகிறவனுக்கோ நெஞ்சு மெதுவாகிவிடுகிறது, அவன் விழுகிறான். ஆகவே இதை வெறும் பயம் என்று சொல்வதுகூடச் சரியல்ல. மனத்தில் கொஞ்சமும் பயமில்லாமல், நோயாளியிடத்தில் முழு அன்போடு நிற்கிற பெண்ணும் விழலாம். சில குடும்பங்களில் தகப்பன், பிள்ளை, பேத்தி என்று வழிவழியாய் இது வருவதும் உண்டு.

இது பெண் பிறவியின் கோழைத்தனம் என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். வெயிலில் அணிவகுத்து அசையாமல் நிற்கிற பட்டாளத்துக்காரன் துப்பாக்கியோடு மயங்கி விழுகிறானே, அவன் பெண்ணா? பிரசவ அறையில் பெண்சாதிக்குப் பக்கத்தில் நின்ற புருஷன் சாய்ந்துவிட, வலியில் கிடக்கிறவளை விட்டுவிட்டு நர்ஸ் அவனைத் தூக்கப் போகிறாளே, அதை என்னவென்பது? சார்லஸ் டார்வின் 1825-இல் எடின்பரோவுக்கு வைத்தியம் படிக்கப் போனார். மயக்க மருந்து வராத அக்காலத்தில் இரண்டு ஆப்பரேஷன்களைப் பார்க்கப் புகுந்தார். அவற்றில் ஒன்று சிறு குழந்தைக்கு நடந்தது. முடியும்வரை பார்க்க மாட்டாமல் எழுந்து ஓடியவர், 1827-இல் அப்படிப்பையே விட்டுவிட்டார். அதே டார்வின்தான் பிறகு உலகத்தைச் சுற்றிவந்து, உயிர்கள் உண்டான விதத்தைப்பற்றி 1859-இல் புத்தகம் எழுதிப் புராணக் கதைகளை ஆட்டங்காணச் செய்தவர். அவரைக் கோழை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? ஆண் விழுந்தால் "பாவம், காலையில் சாப்பிடவில்லை" என்கிறோம். பெண் விழுந்தால் "பெண் புத்தி" என்கிறோம். இதுதான் நம் நியாயம்!

நம் நாட்டிலேயே சென்னை வைத்தியக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டையிலிருந்து போன முத்துலட்சுமி அம்மையார் 1912-இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். வேலூரில் 1909-இல் தொடங்கிய நர்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் வெளிவந்த பெண்கள் எத்தனையோ ஆயிரம் ஆப்பரேஷன் மேஜைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அவர்களில் முதல் நாள் தலைசுற்றியவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? தலைசுற்றியது என்பதற்காக அவர்கள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இன்று நம்மைப் பார்க்க ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்கள்?

இது இப்படியிருக்க, நம் ஊர் வழக்கத்தைச் சற்றுப் பாருங்கள். ஆடி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டக் கூட்டத்தில் வெயிலில், வெறும் வயிற்றோடு, நெருக்கத்தில் மணிக்கணக்காய் நின்ற பெண் மயங்கி விழுந்தால் "அம்மன் அருள்" என்று கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பெண் மறுநாள் ஆஸ்பத்திரியில் விழுந்தால் அதே ஆட்கள் "பேய் அடித்தது" என்கிறார்கள். இரண்டிடத்திலும் உடம்பு ஒன்றுதான். அது செய்ததும் அநேகமாய் ஒரே காரியந்தான். கோயில் வாசலில் சாமியாய் இருப்பது வார்டில் பேயாவது எப்படி?

இதோடு விரதக் கொடுமையும் சேருகிறது. வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, சஷ்டி, ஏகாதசி என்று பச்சைத் தண்ணீரோடு வேலைக்கு வருகிற பெண், முகமூடி கட்டி, அங்கி மாட்டி, புழுக்கத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் மயக்கம் வருவதற்குக் கேட்பானேன்? வயிற்றில் ஆகாரமின்மை, உடம்பில் நீர்க்குறைவு, தூக்கக் குறைவு, அசையாமல் நிற்பது ஆகிய இவையெல்லாம் மயக்கத்துக்குப் பாதை போட்டுக் கொடுப்பவை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். கடைசிப் பந்தியில் மீந்ததை உண்ணும்படி பெண்ணை வைத்துவிட்டு, அவள் தலைசுற்றி விழுந்தால் தலையெழுத்தைக் குறை சொல்வது வெட்கக்கேடல்லவா?

ரத்தத்தைத் தீட்டு என்று சொல்லிக் கொடுத்ததும் நாம்தான். மாதவிலக்கானால் மூலையில் உட்கார வைத்தோம். எத்தனையோ கிராமங்களில் பிரசவம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய மருத்துவச்சியை நாவிதர் ஜாதி என்று வாசலோடு நிறுத்தினோம். ரத்தத்தைத் தொட்டவர்களை இழிவு செய்த சமூகம், ரத்தத்தைத் தொட்டுப் பிழைக்கும் தொழிலுக்கு மரியாதை கொடுக்க இன்னும் பழகவில்லை. ராஜபாளையத்துக்கு அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி பல தேசங்களுக்குப் போகிறது. அத்துணியை நெய்து விற்ற காசு நமக்குத் தீட்டில்லை. அதே துணியால் நம் பெண் ஒருவனுடைய காயத்தைக் கட்டினால் மட்டும் "இந்த வேலை நமக்கெதற்கு?" என்பதா?

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் மூத்த பெண் நர்ஸ் பயிற்சியில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். மேலே இருந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் பரிகாசம் செய்தார்கள். வீட்டார் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டியும் மூன்றாம் தடவை விழவே, படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது கயிறல்ல, காலையில் நாலு இட்லியும், உட்கார ஒரு முக்காலியும், உடம்பைப்பற்றிய பத்து நிமிஷப் பாடமுமேயாகும்.

அப்பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மயக்கம் சொல்லாமல் வருவது குறைவு. கொட்டாவி, குளிர்ந்த வேர்வை, குமட்டல், காதில் இரைச்சல், பார்வை மங்கல் இவை முன்னே வரும். வந்தவுடன் மேஜையைவிட்டு விலகி உட்கார வேண்டும். முடிந்தால் படுத்துக் காலை உயர்த்த வேண்டும். நிற்க நேர்ந்தால் ஆடுசதையை இறுக்கித் தளர்த்திக் கொண்டிருக்க வேண்டும். ஸ்வீடன் தேசத்து லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்னும் உளநூல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 1980-களில் ஒரு பயிற்சியைச் சோதித்துக் காட்டினார்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை, பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு அரை நிமிஷம் விட்டு, மறுபடி இறுக்குவது. இப்படி ஐந்து தடவை. இதனால் ரத்த அழுத்தம் ஏறி, மயக்கம் தடுக்கப்படுகிறது. வீட்டில் தினம் பழகிக்கொண்டு, முதலில் சிறு காயம், பிறகு பெரிய காயம் என்று படிப்படியாய்ப் பார்த்துவந்தால் பெரும்பாலோருக்கு இது வசப்பட்டுவிடும்.

விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதும், நாற்காலியில் சாய்த்துவைத்து வாயில் சோடாவை ஊற்றுவதும் தப்பு. படுக்க வைத்துக் காலை உயர்த்துவதே முறை. ஆனால் ஓடும்போதோ மாடியேறும்போதோ மயங்கினாலும், நெஞ்சுவலியோடு மயங்கினாலும், முன் அறிகுறியே இல்லாமல் விழுந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் இருந்தாலும் இருதய டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும்.

"இப்படி விழுகிறவளால் நோயாளிக்கு ஆபத்தில்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஆபத்து உண்டு. ஆனால் அது எதனால் வருகிறது? "தலை சுற்றுகிறது" என்று சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்து, கடைசி விநாடிவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவள்தான் கருவிகளின்மேல் விழுகிறாள். சொல்லலாம் என்று தெரிந்தவள் விலகிப்போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஆகவே பரிகாசம்தான் நோயாளிக்கு எதிரி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, ராஜபாளையத்திலோ, 2022-இல் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்ட விருதுநகரிலோ, ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: புதிதாய் வரும் பெண்களுக்கும் பையன்களுக்கும் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுங்கள். ஆகாரம் உண்ணாமல் ஆப்பரேஷன் அறைக்குள் விடாதீர்கள். உட்கார இடம் வையுங்கள். மயங்கியதை நடத்தைக் குற்றமாய் எழுதாதீர்கள்.

பெற்றோர்களே! உங்கள் பெண் மயங்கி விழுந்தாள் என்று செய்தி வந்தால் ஜோசியன் வீட்டுக்குப் போகாதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்து நன்றாய் உண்ண வைத்துத் திருப்பி அனுப்புங்கள். இன்று விழுந்த அதே பெண்தான் பத்து வருஷம் கழித்து உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, ரத்தத்தைத் துடைத்து, "பயப்படாதீர்கள்" என்று சொல்லப் போகிறவள். அவளைக் கயிறு கட்டி வீட்டில் உட்கார வைத்துவிட்டால், அன்று உங்கள் காயத்தைக் கட்ட மந்திரவாதி வருவானா?