வீடு யார் பெயரில்?

அமெரிக்காவில் வாரன் ஜெஃப்ஸ் தலைமை தாங்கிய மதக்குழுவைப் பற்றிய ‘கீப் ஸ்வீட்: பிரே அண்ட் ஒபே’ ஆவணத் தொடரைப் பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி, “அந்தப் பெண்கள் ஏன் முன்பே வெளியேறவில்லை?” என்பதுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர்கள் குடியிருந்த வீடு யாருடையது என்ற கேள்வி. யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் அந்த ஊரில் வீடும் நிலமும் பெரும்பாலும் 1942இல் தொடங்கிய, அந்தக் குழுவின் கையிலிருந்த ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தன. ஒருவர் தன் கையால் செங்கல் அடுக்கிக் கட்டிய வீடானாலும் அது அவருக்குச் சொந்தமில்லை. தலைவரின் மனம் கோணினால் வீடு போகும். அதோடு மனைவியும் பிள்ளைகளும் வேறொருவர் குடும்பத்தில் சேர்க்கப்படுவார்கள். வெளியுலகம் தெரியாமல் வளர்ந்து, சிறு வயதிலேயே மணம் முடித்துவைக்கப்பட்ட பெண், கைக்குழந்தையோடு எங்கே போவாள்? தெய்வ பயத்துக்கு அடியில் தெருவில் நிற்கும் பயமும் இருந்தது. சிறுமிகளைச் சீரழித்த ஜெஃப்ஸுக்கு டெக்சாஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2011இல்தான். ஆனால், அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், யூட்டா நீதிமன்றம் அந்த அறக்கட்டளையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பரபரப்பில்லாத அந்த உத்தரவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சாமியார் எந்த மதத்தவராக இருந்தாலும், அவருடைய உபதேசத்தை ஆராய்வதற்கு முன்னால் பக்தர்களின் வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் படிப்பும் யார் கையில் இருக்கின்றன என்று அரசு பார்க்க வேண்டும். வெளியேற வழியில்லாத இடத்தில் ஒருவர் காட்டும் பணிவை நம்பிக்கை என்று ஏற்க என்னால் முடியாது.