அம்மம்மாவின் மணிக்கூடு

அம்மம்மாவின் அந்தியேட்டி நேற்று முடிஞ்சுது. 1985 இல் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எங்கட ஆக்கள் பலரைப் போல மேற்கு பேர்லினுக்குப் போனவ. சுவர் விழுந்த பிறகு ஷோனெஃபெல்டிலேயே குடிவந்து, அனுமதி பெற்ற ‘டாகஸ்முட்டர்’ ஆனா. வீட்டில் வைத்தே பிள்ளை பார்க்கிற வேலை. சட்டப்படி ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரைதான்.

அழுகிற பிள்ளைக்கு, "அம்மா இப்ப வந்திடுவா" என்று ஒருநாளும் சொல்லமாட்டா. மணிக்கூட்டைக் காட்டி, "சின்ன முள்ளு நாலுக்கு வரேக்க வருவா" என்பா.

யாழ்ப்பாணத்தில் என் அம்மாவிடம் "கெதியா வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தவ. அம்மாவைக் கூப்பிட்டு எடுக்க ஆறு வருஷம் போச்சு.

பிள்ளைகளை விட்டிட்டுப் போகேக்க, சரியான நேரத்தைச் சொல்லிப் போங்கோ. அந்த நேரத்துக்கே வாங்கோ.