கவசத்துக்குள் இருக்கும் பஞ்சு

நம் சரித்திர நாவல்களில் கவசத்தின் பளபளப்பு பக்கம் பக்கமாக வருணிக்கப்படுகிறது. அதற்குள் வீரன் என்ன அணிந்தான் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. தூத்துக்குடி வெயிலில் அரைமணி நேரம் நின்றவருக்கு இக்கேள்வி எழாமல் இராது.

இரும்பு சுடும், உரசிப் புண்ணாக்கும். வெட்டைத் தடுத்தாலும் அடியின் அதிர்ச்சியை எலும்புவரை கடத்தும். அதைத் தாங்குவது உள்ளே அணியும் மெத்தைச் சட்டை: பல மடிப்புத் துணி, அல்லது இரு துணிகளுக்கிடையே பஞ்சு வைத்து நெருக்கமாகத் தைத்தது. ஐரோப்பியர் இதைக் கேம்பசன் என்றனர். கவசம் வாங்க வசதியற்ற காலாள் இதையே கவசமாக அணிந்தான். கிருஷ்ணதேவராயரின் படையணிவகுப்பில் மெத்தை தைத்த அங்கிகளைக் கண்டதாகப் போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ் 1520 வாக்கில் எழுதினார்.

இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. முல்லைப்பாட்டு யவனக் காவலரின் சட்டையை 'மெய்ப்பை' என்கிறது. அது பஞ்சு பொதிந்தது என்று நான் வாதிடவில்லை. அச்சொல்லை இதற்கு எடுத்தாளலாம் என்கிறேன்.

சொல்லைவிடப் பெரிய இழப்பு, அதைத் தைத்த கை நம் கதைகளில் இல்லாமற்போனது. கரிசல் பருத்தி கப்பலேறிய துறைமுகம் இது; 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த ஊர். பருத்திக்குப் பின்னாலிருக்கும் உழைப்பை நாம் அறிவோம். அடுத்த சரித்திர நாவலிலாவது, வாள் தீட்டும் கொல்லனுக்கு அருகில் ஊசியோடு ஒரு தையற்காரரும் அமரட்டும்.